வன்னி வீடுகளும் ரேடன் வாயுவும்: அளந்துதான் அறிய வேண்டும்

போருக்கு முன்னும் போர் நடந்த காலத்திலும் வன்னியில் பெரும்பாலான குடும்பங்கள் வாழ்ந்த வீட்டில் காற்றுக்குக் குறை இருக்கவில்லை. கிடுகுக் கூரைக்கும் மண்சுவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். யன்னலை மூடினாலும் காற்று அந்த வழியால் வந்து போகும். 2009க்குப் பிறகு அந்த வீடுகளின் இடத்தில் சீமெந்துக்கல் வீடுகள் எழுந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு கிழக்குக்கு ஒதுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி. அவற்றுக்குப் பக்கத்தில் இப்போது வெளிநாட்டுக் காசில் இன்னொரு வகை வீடு எழும்புகிறது: கண்ணாடி யன்னல், ரைல்ஸ் தரை, சீலிங் அடித்த கூரை, படுக்கையறையில் ஏசி. மழைக்கும் பாம்புக்கும் கள்ளனுக்கும் அஞ்சாமல் நிம்மதியாகப் படுக்க முடிகிறது. அதேநேரம் அறையை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறோமோ அவ்வளவுக்கு உள்ளே சேர்வது வெளியேறாமல் நிற்கும். அப்படிச் சேரக்கூடியவற்றில் ஒன்று ரேடன், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு கதிரியக்க வாயு.

இந்தப் பெயர் வன்னிக்குப் பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான் வருகிறது. கனடாவில் வீடு வாங்கும்போது பேஸ்மென்டில் ரேடன் பார்க்கச் சொல்கிறார்கள். நோர்வேயிலும் சுவிசிலும் வீட்டு உரிமையாளர்கள் அதற்குப் பெட்டி வைத்து அளக்கிறார்கள். அங்கே இருப்பவர் கிளிநொச்சியில் அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டை நினைத்து, 'ஊரிலும் இது இருக்குமா?' என்று கேட்பது நியாயமான கேள்வி. இருக்கும். எவ்வளவு என்பதைத்தான் அளக்காமல் சொல்ல முடியாது.

ரேடன் மண்ணிலும் பாறையிலும் தானாகப் பிறக்கும் வாயு. யுரேனியம் உலகின் எல்லா மண்ணிலும் சிறிதளவு உண்டு. அது மிக மெதுவாகச் சிதையும் தனிமம்: அதன் அரைவாழ்வு, அதாவது இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் காலம், 450 கோடி ஆண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகும். ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ரேடியம் சிதையும்போது பிறப்பது ரேடன். இந்தச் சங்கிலியில் மற்றவை எல்லாம் திண்மங்கள், பிறந்த இடத்திலேயே கிடக்கும். ரேடன் மட்டும் வாயு. அதிலும் எதனோடும் சேராத மந்த வாயு. நிறமும் மணமும் சுவையும் இல்லை. அதன் அரைவாழ்வு 3.8 நாட்கள். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றில் ஊர்ந்து மேலே வந்து சேர அந்த நேரம் போதும். திறந்த வெளியில் வந்தால் காற்றில் கலந்து நீர்த்துவிடும். வெளிக்காற்றில் பொதுவாகக் கன மீற்றருக்கு 5 முதல் 15 பெக்கரல் அளவே இருக்கும். மண்ணுக்குள் இருக்கும் காற்றிலோ ஆயிரக்கணக்கில், பல இடங்களில் பத்தாயிரக்கணக்கில் இருக்கும். வீடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பெக்கரல் என்றால் ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைவது. பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே ஏறத்தாழ 28 கன மீற்றர் காற்று. கன மீற்றருக்கு 100 பெக்கரல் என்றால் அந்த அறைக்குள் ஒவ்வொரு விநாடியும் 2,800 ரேடன் அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பெரிய எண்ணாகத் தோன்றும். இருந்தாலும் அந்த அளவில் ஒரு கன மீற்றர் காற்றில் உள்ள ரேடன் அணுக்கள் 5 கோடிக்கும் குறைவு. அதே கன மீற்றரில் உள்ள காற்று மூலக்கூறுகளை எழுத 25க்குப் பின்னால் 24 பூச்சியம் போட வேண்டும். இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் இந்த வாயுவை மணந்தோ பார்த்தோ சாதாரண வேதியியல் சோதனை செய்தோ பிடிக்க முடிவதில்லை. அதன் கதிர்வீச்சைக் கொண்டுதான் பிடிக்கலாம்.

இங்கே ஒரு பிழையான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். ரேடன் காற்றைவிட ஏழெட்டு மடங்கு கனமானது, ஆகவே தரையில் படிந்து கிடக்கும், பாயில் படுப்பவருக்கே ஆபத்து என்று சிலர் சொல்வதுண்டு. இவ்வளவு நீர்த்த நிலையில் அது தனியாகப் படிந்து கிடக்காது. அறைக்காற்றோடு முழுவதும் கலந்துவிடும். வாயு நுழையும் தரை வெடிப்பின் வாயிலேயே தலையணை இருந்தாலொழிய பாயில் படுப்பவருக்கும் கட்டிலில் படுப்பவருக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

நுரையீரலில் நடப்பது

உண்மையில் தீங்கு செய்வது ரேடனின் பிள்ளைகள்தான். மூச்சோடு உள்ளே போகும் ரேடன் பெரும்பாலும் மூச்சோடே வெளியே வந்துவிடும். ஆனால் அது அறைக்காற்றில் சிதையும்போது பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று அடுத்தடுத்துத் திண்ம அணுக்கள் பிறக்கின்றன. அவற்றின் அரைவாழ்வு நிமிடக்கணக்கு: பொலோனியம்-218க்கு 3 நிமிடம், ஈயம்-214க்கு 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். இவை தூசியிலும் புகைத்துகளிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் சுவரில் படிகின்றன. அங்கிருந்தபடியே பொலோனியம் அணுக்கள் அல்பா என்ற கதிர்வீச்சுத் துகள்களை வீசுகின்றன. அல்பாத் துகளை ஒரு தாளே தடுத்துவிடும். தோலின் மேலுள்ள இறந்த படையைக்கூட அதனால் தாண்ட முடியாது. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அப்படி ஒரு கவசம் இல்லை. ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு தூரம்தான் அது போகும். புதுக் கலங்களை உண்டாக்கும் அடிப்படைக் கலங்கள் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் மரபணு இழை அறுபட்டுப் பிழையாக ஒட்டினால், பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அது நுரையீரல் புற்றுநோயாக வெளிப்படலாம்.

புகையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வன்னியில் இரவு யன்னலை மூடுவதற்கு முதற்காரணம் நுளம்பு. மூடிவிட்டு நுளம்புத்திரி கொளுத்துவார்கள். திரியின் புகைத்துகள்கள் ரேடனின் பிள்ளைகளைச் சுவரில் படியவிடாமல் காற்றிலேயே தாங்கி நிற்கும். அதாவது அதே அளவு ரேடன் இருந்தாலும் மூச்சோடு போகும் பங்கு கூடும். மின்விசிறி இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். காற்றைச் சுழற்றி அந்த அணுக்களைச் சுவரிலும் கூரையிலும் கொண்டுபோய் ஒட்டிவிடும். ஆனால் ரேடன் வாயுவை விசிறி வெளியேற்றாது. நுளம்புவலை கட்டி, யன்னலுக்குக் கம்பிவலை அடித்து, திரியை விட்டுவிடுவது ரேடன் இல்லாவிட்டாலும் நல்லது. அந்தப் புகையே நுரையீரலுக்கு ஆகாதது.

சுரங்கத் தொழிலாளர்கள் வழியாகத்தான் உலகம் இந்த நோயை அறிந்தது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் நெஞ்சு நோயால் இளவயதில் இறப்பது நூற்றாண்டுகளாகத் தெரிந்திருந்தது. அது நுரையீரல் புற்று என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். ரேடன் என்ற தனிமமே அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. வீடுகளுக்குள்ளும் இந்த ஆபத்து உண்டு என்பது பரவலாக உறைத்தது 1984இல்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியியலாளர், இன்னும் இயங்கத் தொடங்காத ஓர் அணுமின் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கதிர்வீச்சுக் காவல் கருவி அவரைக் கண்டதும் அலறியது. வேலை முடிந்து வெளியே போகும்போது மட்டுமல்ல, காலையில் உள்ளே நுழையும்போதும் அலறியது. அவர் கதிரியக்கத்தை வீட்டிலிருந்து உடுப்பில் சுமந்து வந்திருந்தார். வீட்டை அளந்தபோது கன மீற்றருக்கு ஏறத்தாழ 1 லட்சம் பெக்கரல். பக்கத்து வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்து வீடு நன்றாக இருக்கிறது என்பது உங்கள் வீட்டைப் பற்றி எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1988இல் ரேடனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2005இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 7,148 நுரையீரல் புற்றுநோயாளர்கள், ஒப்பிட 14,208 பேர். நீண்டகாலச் சராசரியில் கன மீற்றருக்கு ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. இதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று சொல்லும்படியான ஓர் எல்லை தென்படவில்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் பயம்தான் வரும். அதே ஆய்வு ஆட்கணக்கிலும் சொல்கிறது. வாழ்நாளில் புகைக்காத ஆயிரம் பேரில், ரேடனே இல்லாத வீட்டில் வாழ்ந்தால், 75 வயதுக்குள் 4 பேருக்கு நுரையீரல் புற்று வரும். 100 பெக்கரல் உள்ள வீட்டில் 5 பேர். 400 பெக்கரலில் 7 பேர். சிகரெட் புகைக்கும் ஆயிரம் பேரை எடுத்தால் இந்த எண்கள் 100, 120, 160 என்று போகின்றன. ரேடனே இல்லாத வீட்டிலிருந்து புகைப்பவருக்கு உள்ள ஆபத்து, 400 பெக்கரல் வீட்டிலிருந்து புகைக்காதவருக்கு உள்ளதைவிடப் பதினான்கு மடங்கு. கருவி வாங்கக் காசு சேர்க்கும் வீட்டில் அப்பா விறாந்தையில் இருந்து சுருட்டோ சிகரெட்டோ புகைக்கிறார் என்றால், முதலில் விட வேண்டியது அது. ரேடனும் புகைத்தலும் சேர்ந்தால் ஒன்று மற்றதைப் பெருக்குகிறது. அதனால் புகைப்பவர் உள்ள வீட்டில்தான் ரேடனைக் குறைப்பதால் கிடைக்கும் பயனும் அதிகம். குசினிக்குள் விறகுப் புகையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் நுரையீரலும் இந்தக் கணக்கில் மறக்கப்படக் கூடாது. புகைபோக்கி வைத்த அடுப்பு அவர்களுக்கு உடனே உதவும்.

தலையிடி, இருமல், இளைப்பு, உடல்வலி எதுவும் ரேடனால் வரும் அறிகுறிகள் அல்ல. இரத்தப் பரிசோதனையிலும் அது அகப்படாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் ஒருவரின் நோய் ரேடனால் வந்ததா என்று கேட்டால், எந்த மருத்துவராலும் அந்த ஒருவரைப் பற்றி ஆம் இல்லை என்று சொல்ல முடியாது. அளக்க வேண்டியது உடலை அல்ல, வீட்டை.

வன்னியில் இருந்து இதை வாசிப்பவருக்கு இன்னொரு கேள்வியும் எழும். 2008, 2009இல் மண்ணுக்குள் பங்கர் வெட்டி அதற்குள்ளேயே கிடந்தோமே, அது என்ன செய்திருக்கும்? ரேடனின் ஆபத்து பல பத்தாண்டுகள் சேர்ந்த சுவாசத்தின் கணக்கு. வாய் திறந்திருந்த குழிகளில் கழிந்த சில மாதங்கள் அந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. அந்த மாதங்கள் தந்த காயங்கள் போதும். இந்தப் பயத்தையும் அவற்றோடு சேர்த்துச் சுமக்கத் தேவையில்லை.

வன்னியின் நிலம்

பாறையைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம்? ஓரளவு சொல்லலாம். வவுனியாப் பக்கம் அடியில் இருப்பது மிகப் பழைய படிகப் பாறை: நைஸ், கருங்கல், கருங்கல் போன்ற உருமாறிய பாறைகள். புவியியலாளர்கள் வன்னித் தொகுதி என்று குறிப்பது இதைத்தான். அது நாம் வன்னி என்று சொல்லும் நிலத்தைத் தாண்டித் தெற்கே குருணாகல் பக்கம்வரை போகிறது. கருங்கல் வகைப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் பொதுவாகச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். மன்னாரையும் கரையோரத்தையும் நெருங்க நெருங்கப் படிகப் பாறையின் மேல் மயோசீன் காலச் சுண்ணக்கல் வருகிறது, அதன்மேல் செம்மண்ணும் மணலும். சுண்ணக்கல்லில் யுரேனியம் குறைவு என்று அங்குள்ளவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுண்ணக்கல்லில் தண்ணீர் அரித்த பொந்துகளும் வெடிப்புகளும் வாயுவுக்கு நல்ல பாதைகள். சுவிட்சர்லாந்தில் ரேடன் மிகுந்த இடங்களில் ஒன்றான யூரா மலைப்பகுதி சுண்ணக்கல் நிலம்தான்.

முல்லைத்தீவின் தெற்கு நுனியில் கொக்கிளாய்க் கடனீரேரியைத் தாண்டினால் புல்மோட்டை. அங்குள்ள கனிம மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைட்டும் உண்டு. மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியத்திலிருந்து பிறப்பது தோரன், ரேடனின் இன்னொரு வடிவம். அதன் அரைவாழ்வு 56 விநாடிக்கும் குறைவு. ஆகவே அது நிலத்தின் ஆழத்திலிருந்து வீட்டுக்குள் வந்து சேர நேரமில்லை. தரையின் மேற்பரப்பிலிருந்தும் பூசாத சுவரிலிருந்தும் வருவதுதான் மூச்சுக்கு எட்டும். சீனாவின் கான்சு மாகாணத்தில் மண்ணைக் குடைந்து வாழும் குகைவீடுகளில் தோரன் தனிப் பிரச்சினையாகவே ஆராயப்பட்டிருக்கிறது. ஆகவே மண்வீடு என்றாலே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மண்தரை சீமெந்துத் தரையைவிட வாயுவை எளிதாக விடும். பழைய வன்னி வீட்டைக் காப்பாற்றியது கூரையடியில் ஓடிய காற்று. அதே மண்சுவருக்குச் சீலிங் அடித்து யன்னலை இறுக்கினால் நிலைமை வேறு.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கருங்கல்லைத் துளைத்துப் போட்ட குழாய்க்கிணற்றில் ரேடன் இருக்கும். குளத்துத் தண்ணீரில் மிகக் குறைவு. ஆனால் தண்ணீரில் உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றின் சராசரியில் சேரும். லீற்றருக்கு 100 பெக்கரல் உள்ள தண்ணீரை வீட்டுக்குள் பாவித்தால் காற்றில் கூடுவது கன மீற்றருக்கு 10 பெக்கரல் அளவு. கிணற்றடியில் திறந்த வெளியில் குளித்துத் துவைக்கும் குடும்பத்துக்கு அதுவும் வராது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். வவுனியாவின் கிராமங்களில் மக்களை வாட்டும் சிறுநீரக நோயை இதோடு முடிச்சுப் போடக் கூடாது. அந்த நோய்க்கு ரேடன் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டையும் குழப்பினால் அங்கே நல்ல குடிநீருக்காக நடக்க வேண்டிய வேலை திசைமாறும். கிணறு இறைக்க இறங்கியவர் மயங்கி விழுவதும் ரேடனால் அல்ல. உள்ளே வைத்து ஓட்டும் பம்பின் புகையும் ஒட்சிசன் குறைவும்தான் அங்கே உயிர் குடிப்பவை.

ஒரு நாட்டுக்குப் பாறைப் படம் பயன்படும். ஒரு வீட்டுக்கு அது போதாது. அத்திவாரத்துக்குள் எந்த மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள், அது இறுகும்முன் கொங்கிரீட் போட்டார்களா, தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் வெடித்திருக்கிறதா, கறையான் வழி போட்டிருக்கிறதா, குழாய் இறங்கும் துவாரம் அடைபட்டிருக்கிறதா, இரவில் எந்த யன்னல் திறந்திருக்கிறது என்பவைதான் வீட்டுக்கு வீடு வேறுபாட்டை உண்டாக்குகின்றன. முழுமையான கொங்கிரீட் தரை வாயுவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வருவது விளிம்புகளால்தான்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் சூடும் வெளியே குளிரும் இருப்பதால், சூடான காற்று மேலே ஏறி, அடியிலிருந்து மண்காற்றை உறிஞ்சி எடுக்கும். வீடே ஒரு புகைபோக்கி போல வேலை செய்யும். வன்னியின் வெப்பத்தில் அந்த உறிஞ்சல் மிகக் குறைவு. மார்கழி, தை மாத விடியற்காலையில் மட்டும், வெளியே பனி, உள்ளே ஆட்கள் படுத்த சூடு என்று சிறிது இருக்கும். அந்நேரத்தில் வெளிக்காற்றும் அசையாமல் நிற்பதால் ரேடன் அளவு ஒரு நாளின் உச்சத்தைத் தொடுவது வழக்கம். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். மாரியில் இன்னொன்று நடக்கும். வளவு மண் நனைந்து அதன் துளைகளைத் தண்ணீர் அடைத்துவிட, மேலே வர வழியில்லாத வாயு காய்ந்து கிடக்கும் வீட்டு அடிமண்ணை நோக்கித் திரும்பும். ஆகவே கோடையில் மட்டும் அளந்து, எண் சிறியது என்று திருப்திப்பட முடியாது.

ஏசி போட்ட அறைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர்த்திக் குளிர்த்திச் சுற்றுகிறது. குளிர் வீணாகக் கூடாதென்று கதவடியிலும் துணி வைப்பார்கள். மணிக்கு இருமுறை காற்று மாறும் அறையில் 30 பெக்கரல் இருந்தால், நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை மட்டும் மாறும்படி அதை அடைத்த பிறகு அது 200ஐத் தாண்டிப் போகலாம். மண்ணிலிருந்து வரும் வாயு கூடாமலேயே இது நடக்கும். பிள்ளைகள் படிப்பதும் படுப்பதும் அந்த அறையில்தான்.

எப்படி அளப்பது

கையடக்க இலத்திரன் கருவிகள் இப்போது நூறு, இருநூறு டொலருக்கு விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டிக்குள் ஒன்றைப் போட்டுக்கொண்டு வரலாம். அதில் ஓர் ஆபத்து உண்டு. விடிய ஐந்து மணிக்குத் திரையில் தெரியும் எண் பின்னேரம் இருந்ததைப் போலப் பல மடங்காக இருக்கக்கூடும். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வீடே கலங்கும். அந்தக் கருவி காட்டும் நீண்டகாலச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களின் எண்ணை விட்டுவிட வேண்டும். அமெரிக்கக் கருவி என்றால் அலகு வேறாக இருக்கும்: அதன் ஒரு பிக்கோகியூரி லீற்றருக்கு என்பது நமது 37 பெக்கரல் கன மீற்றருக்கு. அமெரிக்கா நடவடிக்கை எடுக்கச் சொல்லும் 4 என்ற எண் 148 பெக்கரல் ஆகும்.

கரிப்பெட்டி முறையில், ரேடனை உறிஞ்சும் கரி நிரப்பிய சிறு பெட்டியை இரண்டு முதல் ஏழு நாட்கள் அறையில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் முடிவு வரும். மலிவு, விரைவு. ஆனால் கரி ஈரத்தையும் உறிஞ்சும். மாரிகால வன்னியின் ஈரக் காற்றில் அதன் அளவு தடுமாறும். எனவே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வன்னிக்கு மிகப் பொருத்தமானது அல்பாத் தடம் பதியும் பிளாஸ்ரிக் துண்டு. சிஆர்-39 என்ற, மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் பிளாஸ்ரிக்கின் சிறு துண்டு ஒன்று மூடியுள்ள சின்னக் குப்பிக்குள் இருக்கும். தூசியும் ரேடனின் பிள்ளைகளும் புக முடியாது. வாயு மட்டும் ஊடுருவும். உள்ளே ரேடன் சிதையும்போது அல்பாத் துகள் பிளாஸ்ரிக்கில் மோதிக் கண்ணுக்குத் தெரியாத தடத்தை விடும். ஆய்வுகூடத்தில் அதைச் சூடான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சில மணிநேரம் ஊறவைத்தால் தடங்கள் பெருத்து நுணுக்குக்காட்டியில் எண்ணும்படி தெரியும். எல்ஆர்-115 என்ற சிவப்புப் படலமும் இதேபோல, இந்தியாவில் அது பரவலாகப் பாவிக்கப்படுகிறது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம், மின்வெட்டால் கெடாது. மூன்று மாதம் முதல் ஒரு வருடம்வரை தொங்கவிடலாம்.

எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். படுக்கும் அறை, முடிந்தால் ஆட்கள் கூடியிருக்கும் அறை. குசினியும் குளியலறையும் வேண்டாம். தரையிலிருந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் உயரம். வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி, யன்னலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, விசிறிக்கு நேரே இல்லாமல். இவை எங்கும் பொதுவான விதிகள். ஊருக்கென்றும் சில உண்டு: குப்பியின் துவாரத்தைக் குளவி மண்வைத்து அடைத்துவிடும், எறும்பு கூடு வைக்கும். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வைத்த திகதியையும் எடுத்த திகதியையும் குப்பியிலேயே எழுத வேண்டும். எடுத்தவுடன் அதற்குரிய உறையில் இறுக்கி மூடி அனுப்ப வேண்டும், திறந்து கிடந்தால் அது தொடர்ந்து பதிந்துகொண்டே இருக்கும். கருவி தொங்கும் மாதங்களில் வழக்கம்போல் வாழ வேண்டும். பரிசோதனை நடக்கிறதென்று யன்னலைத் திறந்துவைத்தால் வருவது உங்கள் வீட்டின் எண்ணாக இருக்காது.

ஒரு வீட்டை மட்டும் அளப்பதைவிட ஒரு கிராமத்தில் முப்பது, நாற்பது வீடுகளை அளப்பது எவ்வளவோ பயன் தரும். மண்வீடு, திட்ட வீடு, ஏசி அறையுள்ள புதுவீடு என்று கலந்து எடுத்து, புரட்டாதியில் தொங்கவிட்டு மாரி முடிய எடுத்து, அதே இடத்தில் இன்னொன்றைத் தொங்கவிட்டுக் கோடையைக் கடக்க விட வேண்டும். பத்தில் ஒரு வீட்டில் இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எண்ணிக்கை எவ்வளவு நம்பகம் என்று தெரியும். சிலவற்றைத் திறக்காமலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அவற்றிலும் தடம் தெரிந்தால் கோளாறு வீட்டில் இல்லை, துண்டில். இதைச் செய்யக்கூடியவர்கள் வன்னிக்குள்ளேயே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கொழும்பில் அணுசக்திச் சபை இருக்கிறது, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குபடுத்தல் பேரவையும் இருக்கிறது. ஓர் இறுதியாண்டு மாணவர் குழுவுக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுத் தலைப்பை நான் காணவில்லை. ஒரேயொரு நிபந்தனை வைப்பேன். வீட்டுக்காரருக்கு அவருடைய எண்ணையும் அதன் பொருளையும் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும்.

எண் வந்த பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது: 100 பெக்கரலை இலக்காக வையுங்கள், நாட்டின் நிலைமை இடம் தராவிட்டாலும் 300ஐத் தாண்டவிடாதீர்கள். கனடா 200 என்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 300ஐ உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. உலகின் வீடுகளின் சராசரி ஏறத்தாழ 40. உங்கள் எண் 100க்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். நடுவில் என்றால் வாழும் முறையில் சிறு மாற்றம் போதும்: படுக்கப் போகும்முன் அரைமணிநேரம் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுவது, கம்பிவலை அடித்த யன்னல் ஒன்றை இரவு முழுக்கத் திறந்து வைப்பது, சுவரின் மேற்பகுதியில் ஓட்டைக்கல் வைப்பது, ஏசி அறையின் கதவடித் துணியை எடுப்பது. தரையும் சுவரும் சேரும் ஓரத்து வெடிப்புகளைக் கிண்டித் துப்புரவாக்கி நல்ல சீலண்டால் அடைப்பது உதவும். ஆனால் அடைப்பது மட்டும் தனியே பெரிய குறைப்பைத் தருவதில்லை.

300ஐத் தாண்டினால் தரைக்கடியில் குழாய் இறக்கி, சிறு விசிறியால் அடிமண் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விட வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வழக்கமான முறை இதுவே. கட்டி முடித்த வீட்டில் இது செலவும் உடைப்பும் உள்ள வேலை. கட்டும்போதே செய்தால் ஒன்றுமில்லாத வேலை. கொங்கிரீட் போடும்முன் நான்கு அங்குலத்துக்குச் சல்லி பரப்பி, அதற்குள் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் ஒரு முனையைச் சுவரோரமாக மேலே எடுத்து மூடிவிட்டு, சல்லிக்கு மேல் தடித்த பொலித்தீனை ஒன்றின்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி விரித்து, பிறகு தரை போட வேண்டும். பொலித்தீன் நிலத்து ஈரத்தையும் தடுக்கும் என்பதால் ரைல்ஸ் பதிக்கும் வீட்டில் அதற்காகவே அதை விரிக்கலாம். குழாய் தேவைப்படாமலே போகலாம். தேவைப்பட்டால் மூடியைக் கழற்றிக் கூரைக்கு மேல் நீட்டினால், விசிறி இல்லாமலே சில வீடுகளில் எண் இறங்கும்.

திருத்தம் செய்த வீட்டில் அதே அறையில், அதே ஆணியில், வருடத்தின் அதே பருவத்தில் இன்னொரு குப்பி மூன்று மாதம் தொங்க வேண்டும். அப்போதும் எண் இறங்கவில்லை என்றால் வாயு வரும் வழி வேறு. குழாய்க்கிணற்றுத் தண்ணீர் விழும் வீட்டுக்குள் தொட்டி, படுக்கையறையோடு ஒட்டிய குளியலறையின் தரைத்துவாரம், சுவர்க்கற்களின் வெற்றிடம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தந்த இடத்தில் தனித்தனியாக அளக்க வேண்டும்.